நாற்பத்து மூன்றாம் தாளில் ஒரு துளை

மாடியிலிருந்து தெருவை எட்டிப் பார்த்தாலே எனக்குக் கால் கூசும். லிஃப்டில் ஏறினால் இறங்கும்வரை கண்ணைத் திறக்க மாட்டேன். அப்படிப்பட்டவனைக் கயிற்றில் கட்டிப் பூமிக்குள் இறக்கினார்கள் என்றால், அது என் அண்ணியின் வேலை என்று எங்கள் குடும்பத்தைத் தெரிந்தவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள்.

அண்ணி துப்பறிபவர். தையற்கடைக்கு மேலே ஓர் அறை, இரண்டு மேசை, ஒரு மின்விசிறி. நான் அவருடைய உதவியாளன். அதற்கு முன் கல்யாண போட்டோகிராபர். ஓயாமல் பேசுவதால் வீட்டில் எனக்கு ரேடியோ என்று பெயர். பயம் வந்தால் இன்னும் அதிகமாகப் பேசுவேன். அன்று காலையிலிருந்தே நிறையப் பேசிக்கொண்டிருந்தேன்.

காரணம், எட்டு மணிக்கு எங்கள் படிக்கட்டில் உட்கார்ந்திருந்த மருந்துக்கடைக்காரர். சட்டைப் பொத்தான்களை ஒன்று தள்ளிப் போட்டிருந்தார். அதுகூட அவருக்குத் தெரியவில்லை. அவருடைய மனைவி நில அளவைப் படக் காப்பகத்தில் பழைய கைவரைபடங்களை ஸ்கேன் செய்பவர். முந்தின நாள் மாலை வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, எட்டு வயது மகளுக்குப் பால் காய்ச்சி வைத்து, ஆறியதும் குடித்துவிடு, அம்மா ஓர் இடத்தைப் பார்த்துவிட்டு ஒரு மணி நேரத்தில் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர். போனவர் போனவர்தான். போன் அணைந்திருந்தது. கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போயிருப்பார், ஒரு நாள் பொறுங்கள் என்று காவல் நிலையத்தில் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"பொண்ணு அந்தப் பாலைத் தொடவே மாட்டேங்கிறாம்மா. எடுத்துக் கொட்டவும் விடமாட்டேங்கிறா. அம்மா வந்தாத்தான் குடிப்பேன்னு அடுப்புக்குப் பக்கத்துலயே உக்காந்திருக்கா."

அண்ணி எழுந்து கைப்பையை எடுத்தார். நான் வண்டிச் சாவியை எடுத்தேன்.

காப்பகம் என்பது ஒரு நீளமான அறை. இருபுறமும் தட்டையான இழுப்பறைகள், உயரத்தில் மரத்தட்டுகள், கோடியில் கட்டில் அளவுக்கு ஒரு ஸ்கேனர். ஸ்கேனருக்குப் பக்கத்து மேசையில் ஒரு சிறுமியின் படமும் பாதி குடித்த தண்ணீர் பாட்டிலும் இருந்தன.

காப்பாளர் எங்களை அன்பாக வரவேற்றார். ஓய்வுபெற இரண்டு மாதம் இருக்கிறதாம். வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தலை, கையில் வெள்ளைப் பருத்திக் கையுறை. அந்தப் பெண்ணை மகளைப் போலப் பார்த்துக்கொண்டதாகச் சொன்னபோது அவர் குரல் கம்மியது. எங்களுக்கு டீ வரவழைத்தார். கையுறையைக் கழற்றாமலே அவரும் குடித்தார். பழைய தாள்மேல் விரல் வியர்வை படக் கூடாதென்று போடுவது சரி, டீ டம்ளருக்கும் நூறு வயசா என்று அண்ணியின் காதில் கேட்டேன். ரேடியோ, கொஞ்சம் அணைஞ்சிரு என்றார் அண்ணி.

அந்தப் பெண் நேற்றுக் கடைசியாக எடுத்தது எந்தத் தாள் என்று அண்ணி கேட்டார். பதிவேட்டில் நாற்பத்து மூன்று என்று இருந்தது. காப்பாளர் ஏணியைச் சாய்த்துப் பதினான்கு படி ஏறி, உச்சித் தட்டிலிருந்து ஒற்றைக் கையால் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு இறங்கினார். கீழே நின்று பார்த்த எனக்குத்தான் தலை சுற்றியது.

நூற்றுப் பத்து வருடத்துக்கு முன் யாரோ மலைமலையாக நடந்து அளந்து கையால் வரைந்த படம். பழுப்புக் கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் சரிவு, நீலம் ஓடை, கறுப்புச் சதுரங்கள் வீடு. இன்னமும் இதற்கெல்லாம் யார் வருகிறார்கள் என்று கேட்டேன். காப்பாளர் சிரித்தார். ஒரு குடியிருப்பு ஏன் மழைக்கு மழை மூழ்குகிறது என்று கண்டுபிடிக்க இதைத்தான் தேடி வருகிறார்களாம். பார்த்தால் நூறு வருடத்துக்கு முன் அங்கே ஓடை. பாலம் கட்டுபவர், குழாய் பதிப்பவர், கட்டடத்துக்கு அனுமதி தருபவர் எல்லோரும் இந்தத் தாளை ஸ்கேன் செய்து இன்றைய செயற்கைக்கோள் படத்தின்மேல் பொருத்திப் பார்க்கிறார்கள். அந்தப் பெண்ணின் வேலையே அதுதான்.

"வீடு கட்டுறதுக்கு முன்னாடி பூமிக்கு எடுக்கிற எக்ஸ்ரேன்னு வெச்சுக்குங்க, தம்பி" என்றார்.

நாற்பத்து மூன்றாம் தாளில், மலையடிவாரத்தில், பாதி கறுத்த சின்ன வட்டம் ஒன்று இருந்தது. கைவிடப்பட்ட செப்புச் சுரங்கத்துக்குள் நேர் கீழே இறங்கும் கிணறு என்றார். அதே இடத்தில் இப்போது ஒரு மகப்பேறு மருத்துவமனை எழும்பப் போகிறது. கிணறு இருக்கும் இடத்தை விட்டுக் கட்டலாம் என்று சான்று கொடுத்தவரே அவர்தான். அவள் அதைப் பார்க்கத்தான் போயிருக்க வேண்டும். தானும் இன்று அங்கே ஒரு கையெழுத்துப் போடப் போக வேண்டியிருப்பதால் கூடவே வருவதாகச் சொன்னார்.

அண்ணி தாளை எடுத்து ஜன்னலுக்கு நேரே பிடித்தார். நூற்றுக்கணக்கான புள்ளிகளில் வெளிச்சம் ஊசி ஊசியாக வந்தது. அமாவாசை வானத்தைப் போல இருந்தது. போட்டோகிராபர் புத்தி போகுமா? போனில் ஒரு படம் எடுத்துவிட்டேன்.

காப்பாளர் சட்டென்று தாளை வாங்கிக்கொண்டார். "பூச்சி அரிச்சதும்மா. அப்படிப் பிடிச்சா கிழிஞ்சிரும்."

நாங்கள் எடுத்துப்போக, ஸ்கேன் செய்த பிரதி ஒன்றை அச்சிட்டுக் கொடுத்தார்.

மருத்துவமனை வரவிருந்த இடத்தை நாங்கள் அடைந்தபோது மணி ஒன்றேகால். நடுவில் ஒரு ஆள் ஆழத்துக்குப் பெரிய பள்ளம். அடியில் கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பு. கரையில் கான்கிரீட் லாரிகள் மூன்று, உருளைகள் சுழல வரிசையாக நின்றன. சைட் இன்ஜினியர் இரண்டு காதிலும் போனை வைத்துக்கொண்டு மூன்றாவதாக எங்களிடம் பேசினார். அப்படியொரு பெண்ணை அவர் பார்க்கவில்லை. ஆட்கள் ஐந்தரைக்கே போய்விடுவார்கள். மூன்று மணிக்கு அடித்தளத்தின் முதல் கான்கிரீட் ஊற்ற வேண்டும், அதனால் சீக்கிரம் பார்த்துவிட்டுப் போங்கள் என்றார்.

வரைபடத்தில் வட்டம் போட்டிருந்த இடம் பள்ளத்துக்கு அந்தப் பக்கம். அண்ணி இன்ஜினியருடன் குறுக்கே இறங்கி நடந்தார். நான் கரையோரமாகச் சுற்றிப் போனேன். காப்பாளரும் என்னோடு சுற்றித்தான் வந்தார். தனக்கும் பள்ளம் என்றால் ஆகாது என்று மெதுவாகச் சொன்னார். உலகத்தில் எனக்கு ஒரு துணை கிடைத்த மாதிரி இருந்தது.

அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தால், கம்பி வேலிக்குள் வெறும் பாறை. கிணற்றை மூடிவிடலாம் என்று ஒரு வாரம் தேடினோம், மேல்மண்ணைத் தள்ளினால் ஒரே கல், தோண்டும் எந்திரத்தின் பல் உடைந்ததுதான் மிச்சம் என்றார் இன்ஜினியர். பழைய ஆட்கள் தப்பாக வரைந்திருப்பார்கள், அந்தக் காலத்தில் என்ன தெரியும் என்று சொல்லிவிட்டு அடுத்த போனை எடுத்தார். காப்பாளர் கையெழுத்துப் போட வேண்டிய காகிதத்தைத் தேடிக்கொண்டு கொட்டகைப் பக்கம் போனார்.

அண்ணி பாறைமேல் உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்தால் எனக்குக் கலக்கமாகிவிடும். நடந்துகொண்டே யோசிக்கிறவர் அவர்.

"கிணறே இல்லாத இடத்துல ஒருத்தன் மலையேறி வந்து கிணறு வரைவானா?"

வெயிலில் தலை சுற்றியிருக்கும் என்றேன். அவர் சிரிக்கவில்லை. என் போனைக் கேட்டு வாங்கி, ஜன்னலில் எடுத்த படத்தைப் பெரிதாக்கினார். அச்சுப் பிரதியை மடியில் விரித்துக்கொண்டார். அவர் விரல் படத்துக்கும் பிரதிக்குமாகப் போய்ப் போய் வந்தது. பிறகு அந்த விரல் நின்றது.

"இதைப் பாரு. வீட்டோட நாலு மூலையிலயும் நாலு துளை. பாலத்தோட ரெண்டு முனையிலயும் துளை. மலை உச்சியில சரியா ஒண்ணு. ரேடியோ, பூச்சிக்கு வரைபடம் படிக்கத் தெரியுமா?"

நானும் குனிந்து எண்ணிப் பார்த்தேன்.

அண்ணி மருந்துக்கடைக்காரருக்குப் போன் செய்தார். இந்தத் துளைகளைப் பற்றி உங்கள் மனைவி எப்போதாவது சொல்லியிருக்கிறாரா என்று மட்டும் கேட்டார். அவர் உடனே சொன்னார். சாப்பாட்டு மேசையில் அந்த வீட்டில் வேறு பேச்சே கிடையாதாம். மலையில் வரைந்த மூலத்தைப் புதுத் தாளின்மேல் வைத்து, முக்கியமான ஒவ்வொரு புள்ளியிலும் ஊசியால் குத்துவார்களாம். அந்த ஊசித்துளையைப் பார்த்துத்தான் கீழ்த்தாளில் மை வைப்பார்களாம். குத்தாத இடத்தில் மை வைத்தால் வரைபவனுக்கு வேலை போய்விடும். போன வாரம் முழுக்க அவள் சரியாகத் தூங்கவில்லை, ஒரு தாளில் கணக்கு இடிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள் என்றார்.

அண்ணி போனை வைத்துவிட்டு அந்தப் பாதி கறுத்த வட்டத்தைக் காட்டினார். அதில் துளை இல்லை. அந்தத் தாள் முழுவதிலும் துளையில்லாத ஒரே அடையாளம் அதுதான்.

"மை இருக்கு, துளை இல்ல. அப்போ துளை இருந்து மை இல்லாத இடம் ஒண்ணு இருக்கணும்."

இருந்தது. பாலத்திலிருந்து மலை உச்சிக்குக் கோடு இழுத்தால், அந்தக் கோட்டின் மேலேயே, பாதிக்குச் சற்று முன்னால், வெறும் வெள்ளைத் தாளில் ஒற்றை வெளிச்சப் புள்ளி. நான் தலையை நிமிர்த்தினேன். கீழே பாலம் தெரிந்தது. மேலே மலை உச்சி தெரிந்தது. நடுவில் கோடு போட்டுக்கொண்டே வந்த என் கண், பள்ளத்தின் தென்மூலையில் கறுப்பு விரிப்பின்மேல் வந்து நின்றது. விரிப்பின் மற்றப் பகுதி சுருக்கமில்லாமல் கிடந்தது. அந்த மூலையில் மட்டும் யாரோ கையால் இழுத்துவிட்ட மாதிரி மடிப்பு மடிப்பாக இருந்தது.

முதல் லாரி உறுமிக்கொண்டு அந்த மூலைக்குத்தான் நகர்ந்தது. மணி இரண்டு இருபது.

ஓடினோம். எனக்குப் பள்ளம், கரை எதுவும் தெரியவில்லை. இன்ஜினியரைப் பிடித்து, மூன்று மணி என்றுதானே சொன்னீர்கள் என்று அண்ணி கேட்டார். மழை வரும், இப்போதே ஆரம்பித்துவிடுங்கள் என்று காப்பகத்து சார்தான் சொன்னார் என்றார் அவர். வானத்தைப் பார்த்தேன். ஒரு மேகம் இல்லை.

காப்பாளர் கொட்டகை நிழலில் காகிதங்களோடு நின்றிருந்தார். அந்த வெயிலிலும் கையுறை.

அண்ணி படபடக்கவில்லை. அந்த மூலையில் கிணறு இருக்கலாம் என்று சந்தேகப்படுவதாக இன்ஜினியரிடம் சொன்னார். அதிகாரி எழுதிக் கொடுத்தால் ஒழிய வேலையை நிறுத்த முடியாது என்றார் இன்ஜினியர். எல்லோரும் காப்பாளரைப் பார்த்தார்கள். அவர் பொறுமையாக, படத்தில் அங்கே ஒன்றும் இல்லையே, துளைகள் பூச்சி அரித்தது என்று காலையிலேயே சொன்னேனே என்றார். லாரியின் குழாய் விரிப்பின் மேல் தொங்க ஆரம்பித்திருந்தது. அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம் என்று ஒரு நொடி தோன்றியது. அதுதான் அன்றைய நாளிலேயே என்னை அதிகம் பயமுறுத்திய நொடி.

"நல்லது சார்" என்றார் அண்ணி. "ஒண்ணும் இல்லேன்னா அந்த மூலையில போய் ஒரு நிமிஷம் நில்லுங்க. நீங்க நின்னீங்கன்னா நான் மன்னிப்புக் கேட்டுட்டு வீட்டுக்குப் போறேன்."

பள்ளம் என்றால் தனக்கு ஆகாது என்றார் அவர்.

"பதினாலு படி ஏணி மேல நின்னு ஒத்தக் கையில தாள் எடுத்தவரு நீங்க."

காப்பாளர் பள்ளத்தில் இறங்கினார். நடந்தார். தொழிலாளர்கள் தள்ளிநின்று பார்த்தார்கள். மடிப்பு விழுந்த இடத்துக்கு நாலடி இருக்கும்போது அவர் கால் நின்றது. ஒரு காலைத் தூக்கினார், வைக்க முடியவில்லை. அப்படியே விரிப்பின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"நான் தள்ளலம்மா" என்றார். "பலகை முறிஞ்சிருச்சு. அவ விழுந்துட்டா. நான் பயந்துட்டேன்."

அண்ணி குனிந்து அவர் கையுறையை உருவினார். உள்ளங்கை முழுக்க மரச்சிலாம்பு ஏறிச் சிவந்து வீங்கியிருந்தது.

விரிப்பைக் கிழிக்கும் நேரத்தில், யாரும் கேட்காமலே, அவர் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தார். இருபத்தெட்டு வருடத்துக்கு முன், வேலையில் சேர்ந்த புதிதில், அந்தத் தாளிலிருந்த கறையை ஈரப் பஞ்சால் துடைத்தபோது கிணற்றின் அடையாளமும் சேர்ந்து அழிந்துவிட்டதாம். மேலதிகாரிக்குப் பயந்து ஞாபகத்திலிருந்து வரைந்து வைத்தாராம். ஞாபகம் முன்னூறு அடி தப்பியது. அதற்குப் பிறகு அந்தத் தாளை யாரும் கேட்கவில்லை, மருத்துவமனை வரும்வரை. நேற்று அவள் அவரை அழைத்து வந்து இந்த மூலையில் விரிப்பை விலக்கி நின்று, இப்போதே சொல்லிவிடலாம் சார், நான் கூட இருக்கிறேன் என்று சொன்னாளாம். பள்ளம் தோண்டியதில் மேல்மண் போய் உளுத்துப்போன பலகை மூடியும் அதன்மேல் விரலளவு மண்ணும்தான் மிஞ்சியிருந்தன. அவள் கீழே போனதும், கூப்பிட்டுப் பார்த்தாராம். பதில் இல்லை. மிச்சப் பலகையைப் போட்டு, மண்ணைத் தள்ளி, விரிப்பை இழுத்துவிட்டு வீட்டுக்குப் போனாராம்.

பலகையை நகர்த்தினார்கள். கறுப்பாக ஒரு வாய் திறந்தது. குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. அண்ணி கூப்பிட்டார். பதில் இல்லை. லாரிகளை அணைக்கச் சொல்லிவிட்டு மறுபடி கூப்பிட்டார். அடியிலிருந்து கல்லில் கல் தட்டும் சத்தம். டொக். நீண்ட நேரம் கழித்து, டொக்.

தீயணைப்பு வண்டி வர நாற்பது நிமிடம் ஆகும் என்றார்கள். ஓரத்து மண் உதிர்ந்துகொண்டே இருந்தது. கனமான ஆள் கால் வைத்தால் மொத்தமும் அவள்மேல் சரியும். அங்கிருந்தவர்கள் எல்லோரும் கம்பி தூக்கும் உடம்புக்காரர்கள். அண்ணி என்னைப் பார்த்தார். எங்கள் வீட்டிலேயே ஒல்லி நான்தான். கல்யாண வீடுகளில் நாற்காலிக்கும் சுவருக்கும் இடையில் நுழைந்து படம் எடுத்துப் பழகிய உடம்பு.

இடுப்பில் பட்டையைக் கட்டினார்கள். நெற்றியில் விளக்கு. தூக்க வேண்டும் என்றால் கயிற்றை இரண்டு முறை இழு என்றார் இன்ஜினியர். கயிற்றின் முன்பக்கத்தை அண்ணியே பிடித்துக்கொண்டார்.

"ரேடியோ, பேசிட்டே இரு. நீ பேசினாத்தான் எனக்குத் தைரியம்."

ஆறு வருடமாக என்னை அணைந்திரு என்று சொல்லி வந்தவர் அவர்.

கால் காற்றில் தொங்கியது. பேசினேன். என்ன பேசினேன் என்று சரியாக ஞாபகமில்லை. அண்ணன் பல் டாக்டராக இருப்பதால் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சிரிக்க முடியாததைச் சொன்னேன். மணமகனை விட்டுவிட்டு மணமகன் மாதிரியே இருந்த சமையல்காரரை நான் நூறு படம் எடுத்த கல்யாணத்தைச் சொன்னேன். சுவர் ஈரமாக வழிந்தது. மேலே வெளிச்சம் தட்டளவாகி, டம்ளரளவாகி, பொத்தானளவானது. மண் என் தோளில் உதிர்ந்தபோதெல்லாம் குரலை உயர்த்தினேன். பாடக்கூடச் செய்தேன்.

"யாருங்க அது, இவ்வளவு பேசறது?"

கீழேயிருந்து வந்த குரல், தேய்ந்துபோய், காற்று மாதிரி இருந்தது.

விளக்கைத் திருப்பினேன். சரிந்த மண்மேட்டில் ஒரு கால் மடங்கிக் கிடக்க, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் முழுக்க மண். கையில் ஒரு கல். மயக்கம் தெளிந்ததும் இரவெல்லாம் கத்தித் தொண்டை போய், காலையிலிருந்து அந்தக் கல்லால் தட்டிக்கொண்டிருந்தாராம். மேலே எந்திரச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. கூடவே கொண்டுபோன இன்னொரு பட்டையை அவர் இடுப்பில் சுற்றி மாட்டும்போது என் விரல்கள் என் பேச்சைக் கேட்கவில்லை. அவர்தான் கொக்கியைச் சரியாகப் பொருத்தினார். பிறகு என் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"என் பொண்ணு பால் குடிச்சாளா?"

வாயைத் திறந்தேன். எட்டு வயசுப் பிள்ளை அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது கண்முன்னால் வந்தது. ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். எனக்குப் பொய் ஒன்றும் புதிதல்ல. இல்லை என்று தலையை ஆட்டினேன். நீங்கள் வந்துதான் தர வேண்டும் என்று சொல்ல நினைத்தேன். அந்த நாலு வார்த்தை தொண்டையைத் தாண்டவில்லை.

அவருக்குப் புரிந்துவிட்டது. அந்த மண் முகத்தில் கண்ணீர் இரண்டு கோடு கிழித்துக்கொண்டு இறங்கியது.

"ரேடியோ" என்று மேலிருந்து அண்ணியின் குரல் பதறியது. "ஏன் நிறுத்திட்ட? ஏதாவது பேசு."

என்னால் முடியவில்லை. கயிற்றை இரண்டு முறை இழுத்தேன்.